கொங்கன்படைக்கு ரசீது எழுதினால் நாம் யார் பக்கம்?

எல்லை ஊர்கள் › பாலக்காடு › சித்தூர்

கிழக்குவெளி:

வணக்கமுங்க. நான் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே தென்னந்தோப்பும் கொஞ்சம் மாடும் வெச்சிருக்கறவன். ஒரு சந்தேகம், விவரம் தெரிஞ்சவங்க தீர்த்து வைங்க.

சித்தூர்க் காவுல (பகவதி கோயில்ல) வருசா வருசம் கும்ப மாசம் கொங்கன்படை நடக்கறது இந்தப் பக்கத்தாளுகளுக்குத் தெரியும். மத்தவங்களுக்குச் சொல்றேன். கொங்கு நாட்டு ராசா ஒருத்தன் சித்தூர் மேல படையெடுத்து வந்தானாம். ஊர்க்காரங்க பகவதியக் கூப்பிட, அம்மனே எறங்கி வந்து கொங்கன் படையத் தொரத்திப்போட்டாளாம். அதைத்தான் விசேசமா எடுக்கறாங்க. கொங்கன் அனுப்புன போர் ஓலையப் படிப்பாங்க, படை வர்றாப்பல வருவாங்க, சண்டையாட்டமே நடக்கும், வெடிச்சத்தம் நெஞ்சுக்குள்ள கேக்கும். பிரிவுக்கு (விழாச் செலவுக்கு வசூல்) நம்ம பக்கமும் வருவாங்க. எங்கப்பா காலத்துலருந்தே குடுக்கறது வழக்கம், நானும் குடுத்தேன்.

இந்த வருசம் அந்த ரசீதைப் படம் எடுத்துச் சொந்தக்காரங்க குரூப்புல போட்டது வம்பாயிருச்சு. பொள்ளாச்சி மச்சான் ஒருத்தர், “ஏம் மாப்ள, நம்மள அடிச்சுத் தொரத்துனதுக்கு நீயே காசு குடுத்துக் கொண்டாடறியா”ன்னு போட்டுட்டார். எல்லாரும் சிரிச்சாங்க, நானுந்தான் சிரிச்சேன். ராத்திரி படுத்தாத் தூக்கம் வரலீங்க. நம்ம குலதெய்வம் காங்கயத்துப் பக்கம். காது குத்தறதுக்கும் மொட்டைக்கும் அங்கதான் போறோம். வீட்டுல பேசறது கொங்குத் தமிழு. ரேசன் கார்டு மலையாளத்துல, ஓட்டு கேரளாவுல. அந்த ஓலையப் படிக்கறப்ப நான் யாருகூட நிக்கறேன்?

நெம்மாறைக்காரி:

அண்ணே, இதுக்கா தூக்கம் போச்சு? நெம்மாறை வல்லங்கி வேலைத் திருவிழா பார்த்திருக்கீங்கல்ல. மீன மாசம் 20 அன்னைக்கு நெம்மாறைக்காரனும் வல்லங்கிக்காரனும் வெடியில ஒருத்தனை ஒருத்தன் மிஞ்சப் பார்ப்பான். அன்னைக்கு ராத்திரி எதிரி, மறுநாள் ஒரே கடையில சாயா. விழான்னா எதிர்த்தரப்பு ஒண்ணு வேணும், அவ்வளவுதான். கொங்கன் இல்லாம கொங்கன்படை எப்படி நடக்கும்?

ஆழியாறு:

அந்தப் பொள்ளாச்சி மச்சான் நாந்தான். மாப்ள இங்கயும் வந்து பஞ்சாயத்து வெப்பார்னு தெரியும்.

நெம்மாறையம்மா, வல்லங்கிக்காரன் அவனோட வெடிய அவனே வைக்கறான். இங்க கொங்கன் பக்கம் யாரு நிக்கறது? அவனுக்கும் அவங்களே வேசம் கட்டி, அவங்களே அடிச்சு, அவங்களே செயிச்சுக்கறாங்க. எதிர்க்கட்சி இல்லாத எலெக்சன்.

பழைய வாத்தியார்:

வேடிக்கைக்கு நடுவே கொஞ்சம் வரலாறு. பொறுத்துக்கொள்க.

பாலக்காட்டுக் கணவாய் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலம் கொண்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு பெரிய திறப்பு வேறில்லை. வணிகரும் மாடுகளும் காற்றும் வந்த வழியில் படைகளும் வந்திருக்கின்றன. அவற்றில் எழுத்துச் சான்றோடு நிற்பது மைசூர்ப் படை. கோழிக்கோட்டுச் சாமூதிரியின் நெருக்கடி தாளாமல் பாலக்காட்டு அரசரான அச்சன் ஹைதர் அலியிடம் உதவி கேட்டார், 1757ல் படை வந்தது. பிறகு ஹைதர் மலபாரையே பிடித்தார், 1766ல் பாலக்காட்டில் கோட்டை எழுந்தது. அந்தக் கோட்டைக்காகத் திப்புவும் ஆங்கிலேயரும் மாறி மாறி மோதினார்கள். கோட்டை இன்றும் ஊர் நடுவே நிற்கிறது, மாலையில் மக்கள் அதைச் சுற்றி நடைப்பயிற்சி செய்கிறார்கள்.

ஆனால் மைசூர்ப் படையை நினைத்து இந்தப் பக்கத்தில் எந்தக் காவிலாவது ஓலை வாசிப்பதாக நான் கேட்டதில்லை. கொங்கன் எந்த ஆண்டு வந்தான், அவன் பெயரென்ன என்று விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்வார்கள். விழாவோ அவனுக்குத்தான். ஏனென்றால் இந்தக் கதையில் வென்றவள் பகவதி. அவளுக்கு ஒரு கோயில் இருக்கிறது, ஒரு மாதம் இருக்கிறது, முறை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு படையெடுப்பு நினைவில் நிற்க அது நடந்திருந்தால் மட்டும் போதாது. யாராவது ஆண்டுதோறும் அதற்கு எண்ணெய் வாங்க வேண்டும்.

இன்னொன்று. பொள்ளாச்சியும் பாலக்காடும் 1956 அக்டோபர் வரை ஒரே சென்னை ராஜ்யம். மலபார் மாவட்டம் முழுக்க அப்படித்தான். சித்தூரோ கொச்சி மகாராஜாவின் நாடு, 1949 ஜூலைக்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. ஆகவே அன்று ‘வெளிநாட்டுக்காரர்’ சித்தூர்க்காரர்தான், பாலக்காட்டுக்காரரும் பொள்ளாச்சிக்காரரும் ஒரே அரசின் குடிகள். எல்லைக்கோட்டை வைத்துப் பக்கம் பிரித்தால் இப்படித்தான் கால் தடுக்கும்.

ஆழியாறு:

வாத்தியாரய்யா சொன்னா அப்பீல் இல்லை. ஆனா ஒண்ணு கேக்கறேன். தண்ணி விசயத்துல மாப்ள எந்தப் பக்கம்? பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே மாசம் கையெழுத்தாச்சு. வருசம் 7.25 டி.எம்.சி. மணக்கடவுல சித்தூருக்குக் குடுக்கோணும். கொஞ்சம் கொறைஞ்சாப் போதும், மூலத்தறை அணையில தண்ணியில்லைன்னு கொடி புடிக்கறது யாரு? எங்க அத்தை மகனுகதான். சுத்தத் தமிழ்ல கோசம் போடறாங்க, தமிழ்நாடு தண்ணி விடு தண்ணி விடுன்னு!

கிழக்குவெளி:

மச்சான், அது வயித்துப்பாடுங்க. தென்னை பாளை வாடறப்ப தமிழ்னு பார்க்க முடியுமா? ஆனா நீங்க சொன்னது சுருக்குனு இருக்குது. தண்ணிக்கு நான் கேரளாக்காரன், குலதெய்வத்துக்கு கொங்கன், காவுக்குப் பிரிவு குடுக்கறப்பச் சித்தூர்க்காரன். மூணுலயும் பொய் இல்லைங்க.

கூத்துமாடம்:

தோல்பாவைக்கூத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஷொர்ணூரில் வேலையாக இருந்தபோது ஆரியங்காவு கோயிலில் ராத்திரி ராத்திரி போய் உட்கார்ந்திருக்கிறேன்.

கோயிலுக்கு எதிரே கூத்துமாடம் என்று நீளவாக்கில் ஒரு கட்டடம், கூத்துக்காக மட்டுமே கட்டியது. முன்னால் வெள்ளைத் துணி, பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி வரிசையாக இருபத்தொரு விளக்கு. மான்தோலில் வெட்டிய ராமனும் ராவணனும் அந்த வெளிச்சத்தில் அசைவார்கள். துணிக்குப் பின்னால் நிற்பவர்களைப் புலவர் என்றுதான் ஊர் அழைக்கிறது. அவர்கள் பாடுவது கம்பன். பாரதப்புழைக் கரையில், பத்ரகாளி கோயிலில், சுற்றிலும் மலையாளம் பேசும் ஊரில், கம்பன்! பாட்டு தமிழில் வரும், அதற்குச் சொல்கிற விளக்கம் தமிழும் மலையாளமும் பின்னிக்கொண்டு ஓடும். ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு பாவைகள் தர்க்கம் செய்ய ஆரம்பித்தால் யுத்தம் பாட்டுக்கு நிற்கும், இவர்கள் புராணம், இலக்கணம், உலக நியாயம் என்று சுற்றிவிட்டு மெதுவாகத்தான் போர்க்களத்துக்குத் திரும்புவார்கள். எனக்கு அந்தச் சுற்றுதான் பிடிக்கும்.

ஏன் காளி கோயிலில் ராமன் கதை? அவள் தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்தாளாம், அதனால் ராவண வதத்தைப் பார்க்க முடியாமல் போயிற்றாம். அந்தக் குறை தீர அவளுக்காக ஆடுவது இது. அதனால் எதிரே ஆளே இல்லாவிட்டாலும் ஆட்டத்தை நிறுத்த மாட்டார்கள். சில ராத்திரிகளில் மனிதர் என்று பார்த்தால் நான் ஒருவன்தான். புலவர்களுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பார்க்க வேண்டியவள் உள்ளே இருக்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் புலவர்கள் அன்றாடம் பேசிப் புழங்குவது மலையாளம். அவர்களில் ராமச்சந்திர புலவருக்கு 2021ல் பத்மஸ்ரீ கிடைத்தது, கேரளக் கலைஞர் என்றுதான் கிடைத்தது. நமக்கு, வீட்டில் தமிழ் பேசுகிற நமக்கு, கம்பனில் நாலு பாட்டு வருமா? எனக்கு வராது. மொழி ஒரு வீட்டில், கதை இன்னொரு வீட்டில் குடியிருக்கிறது.

நெம்மாறைக்காரி:

இதுக்கு மறுபாதியும் சித்தூர்லயே இருக்கு. சோகநாசினி ஆத்துக் கரையில தெக்கே கிராமத்துல எழுத்தச்சன் மடம். மலையாளத்துக்கே தகப்பன்னு சொல்ற துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்துல இருந்த இடம்னு சொல்லுவாங்க. திரூர்ல பொறந்தவர், இங்க வந்து தங்கினார். விஜயதசமிக்குப் பிள்ளைகளுக்கு எழுத்து ஆரம்பிக்க அங்க கூட்டம். என்னையும் எங்கம்மா, தமிழ்க்காரிதான், அங்கதான் தூக்கிட்டுப் போனாங்க. அரிசியில முதல் எழுத்து மலையாளம். வீட்டுக்கு வந்து பாட்டி மணல்ல ‘அ’ன்னு தமிழ் எழுத வச்சாங்களாம். கர்க்கடக மாசம் பக்கத்து வீட்டுல எழுத்தச்சன் ராமாயணம் வாசிப்பு, கேட்டுக் கேட்டே எனக்குப் பாதி மனப்பாடம். கம்பன் பாட்டு எனக்கும் தெரியாது, கூத்துமாடம் சொன்னது உண்மை.

கரட்டுமேடு:

எல்லாரும் ‘நாம’, ‘நம்மாளு’ன்னு பேசறீங்க. அந்த நாமல நான் இருக்கறனான்னு தெரியல.

எங்க பாட்டன் கொங்குலருந்து வந்தது உண்மைதான். பண்ணையத்துக்கு ஆளாக் கூட்டிட்டு வந்தாங்க. கொங்கன் ராசா படையில எங்காளு இருந்திருந்தா முன்னால மேளம் அடிச்சிட்டுப் போயிருப்பான், மொத அம்பு அவனுக்கு. ராசா செயிச்சிருந்தாலும் அவனுக்குச் சேரிதான். தமிழ்ல பேசற கடையிலயும் எங்களுக்குத் தனி டம்ளர் இருந்தது, மலையாளத்துல பேசற கடையிலயும் இருந்தது.

பொறாட்டு நாடகம்னு ஒண்ணு பாலக்காட்டுப் பக்கம் இருக்குதே, தமிழும் மலையாளமும் கலந்து பாட்டு வருமே, அதைப் பத்தி இங்க யாராச்சும் பெருமையா எழுதப் போறீங்கன்னு தெரியும். எழுதறதுக்கு முன்னால யோசிங்க. வண்ணான் வண்ணாத்தி, குறவன் குறத்தி, செறுமன் செறுமின்னு வேசம் கட்டி வருவாங்க, சோத்தியக்காரன் கேள்வி கேப்பான், ஊரே சிரிக்கும். யாரை வெச்சுச் சிரிப்பு?

மட்டுறுத்துனர்:

மேலே உள்ள பதிவுக்கு வந்த இரண்டு வசவுகள் நீக்கப்பட்டன. கருத்துக்குக் கருத்தால் பதில் சொல்லவும்.

கூத்துமாடம்:

கரட்டுமேடு, எழுதத்தான் இருந்தேன். பிடித்துவிட்டீர்கள். ஆனால் பொறாட்டில் நான் பார்த்த ஒன்றைச் சொல்லவிடுங்கள். ஆடுகிறவர்கள் பெரும்பாலும் பாணர். வண்ணாத்தி வேடம் கட்டியவர் சோத்தியக்காரனைப் பார்த்து விடும் கிண்டலில் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும் நனைவார்கள். மலையாளத்தில் கேட்டால் தமிழில் பதில் வரும், தமிழில் கேட்டால் மலையாளத்தில். மேடையில் அந்த ஒரு ராத்திரிக்கு வாய் அவர்களுடையது. விடிந்தால் அது போய்விடுகிறது என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

கரட்டுமேடு:

அந்த விடிஞ்சதுக்கப்புறத்தைப் பத்தித்தான் நான் பேசறேன்.

கல்பாத்தித்தெரு:

எங்க கதை வேற மாதிரி. காசியிலேருந்து லிங்கம் கொண்டுவந்த ஒரு அம்மா, பாலக்காட்டு ராஜாட்ட பொன்னைக் கொடுத்துக் கோயில் கட்டச் சொன்னாளாம். காசியில் பாதி கல்பாத்தி. தஞ்சாவூர், மாயவரம் பக்கத்துலேருந்து அப்படித்தான் வந்தோம்னு பாட்டி சொல்லுவா. ஐப்பசித் தேர் இன்னிக்கும் ஓடறது. நாங்க யாரையும் ஜெயிக்கலை, எங்களை யாரும் துரத்தலை. வந்தோம், தெரு கட்டினோம், தேர் இழுத்தோம். எங்காத்துத் தமிழைக் கேட்டு மெட்ராஸ்ல சிரிக்கறா, அது தனிக் கதை.

கிழக்குவெளி:

மாமி (மாமாவா இருந்தா மன்னிக்கோணும்), நீங்க நாலு வரி போட்டீங்க, எனக்கு ஒண்ணு பொறி தட்டுச்சு.

உங்களுக்கு ‘வந்த கதை’ இருக்குது. அந்தக் கதைக்கு ஒரு கோயிலும் தேரும் இருக்குது. சித்தூர்க்காரங்களுக்கு ‘வந்தவனைத் தொரத்துன கதை’ இருக்குது, அதுக்குக் காவு இருக்குது. எங்களுக்கு என்ன இருக்குதுங்க? எங்க தாத்தா எப்ப வந்தார், ஏன் வந்தார்னு வீட்டுல கேட்டா ‘பஞ்சத்துல வந்தோம்’னு ஒரே வார்த்தையில முடிச்சுருவாங்க. பொன்னர் சங்கர் கதையை உடுக்கை அடிச்சு விடிய விடியப் பாடக் கேட்டிருக்கறேன். அது வீரப்பூர்ல நடந்தது, திருச்சிப் பக்கம். இந்த மண்ணுல நடந்ததா எங்களுக்கு ஒரு கதையும் இல்லை. அதனாலதான் அடுத்தவங்க கதையில, அதுவும் தோத்தவன் வேசத்துல, போய் நிக்கறோமோ என்னமோ.

மார்த்தாண்டம்காரன்:

எல்லைன்னு தலைப்பு பாத்து உள்ள வந்தேன். நாங்க மறுபக்கம் கேட்டியளா. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நாலு தாலுகாவும் 1956 நவம்பர் 1ல தமிழ்நாட்டுல சேந்தது. செங்கோட்டையில ஒரு பகுதியும் வந்தது. தேவிகுளம், பீருமேடு கேட்டும் கிடைக்கல. 1954 ஆகஸ்ட் 11ல துப்பாக்கிச்சூட்டுல ஆளுவ செத்தாவ. போராட்டத்த நடத்துன நேசமணி பேரைச் சொன்னா எங்க ஊர்ல இன்னைக்கும் கெழவனுவ எழும்பி இருப்பாவ. ஆக, எங்களுக்குக் கதை உண்டு. ஆனா எங்க வீட்டுல பேசதக் கேட்டா நீங்க மலையாளம்னே சொல்லுவிய. தமிழ்நாட்டுக்காரன் நம்பமாட்டான். பேச்சு எப்படி இருந்தா என்ன, சண்டை போட்டுச் சேந்தோம்ங்கிறதுதான் எங்களைத் தமிழன்னு நிறுத்தி வச்சிருக்கு. கிழக்குவெளி சொன்னதுக்கு நேர் மாறு. உங்களுக்குப் பேச்சு கொங்குத் தமிழ், கதை இல்ல. எங்களுக்குக் கதை தமிழ், பேச்சு ரெண்டுங்கெட்டான்.

டீச்சரம்மா:

பள்ளிக்கூடத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். தமிழ் மீடியம் பள்ளியில் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் கொஞ்சம் சொல்லட்டுமா.

கேரளத்தில் தமிழும் கன்னடமும் மொழிச் சிறுபான்மை. 1969ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழர்கள் அரசுக்குத் தமிழில் எழுதலாம் என்று இருக்கிறது. தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன, சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. 2017ல் மலையாளத்தைப் பள்ளிகளில் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தபோது எங்கள் ஸ்டாஃப் ரூமில் பெரிய கவலை. என் கவலை வேறு. சட்டத்தில் உள்ள உரிமையை நாமே எடுத்துப் பயன்படுத்துவதில்லை. தமிழில் மனு எழுதினால் வேலை தாமதமாகும் என்று நாமே மலையாளத்தில் எழுதிக்கொடுக்க ஆள் தேடுகிறோம். பெற்றோர் இங்கிலீஷ் மீடியம் வேன் வந்தால் ஏற்றிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேலை எந்த மொழியில் கிடைக்கிறதோ அந்த மொழிக்குத்தான் பிள்ளை போகும்.

என் வகுப்பில் நடந்தது: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் உங்கள் ஊர்க் கதை ஒன்று எழுதி வாருங்கள் என்றேன். பாதிப் பேர் கொங்கன்படை எழுதினார்கள். தமிழில், கொங்கன் கெட்டவன் என்று, அழகான கையெழுத்தில். எழுதியவர்களில் அநேகம் பேர் கவுண்டர் வீட்டுப் பிள்ளைகள். கிழக்குவெளி அண்ணன் படுத்துப் புரண்ட கேள்வி அவர்களுக்கு வரவே இல்லை. ஊரில் நடக்கிற கதை, அதனால் அவர்கள் கதை. நான் மார்க் போட்டேன். வேறென்ன செய்ய?

ஆழியாறு:

ஐயோ மாப்ள, முடிஞ்சு போச்சு. அடுத்த தலைமுறை முழுசா எதிரணிக்குப் போயிருச்சு.

பழைய வாத்தியார்:

டீச்சரம்மா, மார்க் போட்டது சரி. ஆனால் அடுத்த முறை அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு கதை சொல்லுங்கள். இரண்டும் இதே கணவாயோடு ஒட்டியவை.

முதலாவது சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் வரும் உரைநடைப் பகுதியான உரைபெறு கட்டுரை. கண்ணகி சீற்றத்துக்குப் பின் பாண்டிநாடு மழையற்றுப் போகிறது. அவளுக்கு விழா எடுத்த பிறகு மழை பெய்கிறது. அதைக் கேட்டுக் கொங்கிளங்கோசர், அதாவது கொங்குநாட்டுக் கோசர், தங்கள் நாட்டில் அந்த நங்கைக்கு விழாவும் சாந்தியும் செய்தார்கள், மழை மாறாமல் பெய்தது என்று நூல் சொல்கிறது. இலங்கை அரசன் கயவாகு விழா எடுத்ததையும் அங்கேதான் சொல்கிறது. கொடுங்கல்லூர் பகவதியைக் கண்ணகி என்று நம்புகிற மரபு உங்களுக்குத் தெரியும். ஆக, பகவதி கொங்கனை விரட்டிய கதை ஒன்று இருந்தால், கொங்கர் அந்தத் தெய்வத்துக்கே விழா எடுத்த கதை அதற்கும் பழையதாக இருக்கிறது.

இரண்டாவது சுந்தரரும் சேரமான் பெருமாளும். சேரமான் மலைநாட்டு அரசர், சுந்தரர் சோழநாடு, திருமுனைப்பாடி என்று திரிந்தவர். இருவரும் நண்பர்கள். நண்பரைப் பார்க்கச் சுந்தரர் கொங்குநாடு வழியாக வருகிறார். அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைப் பாடி மீட்கிறார், பிறகு மலைநாடு போகிறார். கொடுங்கல்லூரை ஒட்டிய திருவஞ்சைக்களத்திலிருந்து சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் குதிரையிலும் கயிலை சென்றதாகப் பெரியபுராணம். மலைநாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலம் அந்த ஒன்றுதான். இன்றும் ஆடிச் சுவாதிக்குக் கோவைப் பக்கத்து அடியார்கள் திரண்டு திருவஞ்சைக்களம் போய்க் குருபூசை செய்கிறார்கள். கொங்கன் படையாக வந்ததாகச் சொல்லும் வழியில் கொங்கன் ஆண்டுதோறும் தேவாரம் பாடிக்கொண்டு போகிறான். அந்த வண்டிகள் பாலக்காட்டைத் தாண்டும்போது பெரும்பாலானோர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அங்கே வெடி இல்லை.

கரட்டுமேடு:

அய்யா, அழகாச் சொன்னீங்க. ரெண்டுலயும் ராசா, சாமி, நாயன்மாரு. வேலைக்காரன் கதை எந்தப் புராணத்துல?

பழைய வாத்தியார்:

நியாயமான அடி. புராணத்தில் இல்லை. அதை எழுத வேண்டியிருக்கும்.

கருமண்:

நீண்ட நாளா படிச்சிட்டு மட்டும் இருக்கற ஆளு நான். எருத்தேம்பதிப் பக்கம். வந்த கதை கேட்டதால எழுதறேன்.

கேரளாவுலயே கரிசல் மண்ணு இருக்கறது இந்தச் சித்தூர்க் கிழக்குல மட்டுந்தான்னு விவசாய ஆபீசருக சொல்லுவாங்க. மழை மறைவு வேற. மேக்கே நெல்லு பச்சையா நிக்கறப்ப இங்க பொழுதுக்கும் காத்தும் புழுதியும். நெல்லுப் பயிர் பண்றவனுக்கு இந்த மண்ணைப் பார்த்தாப் புடிக்காது. கடலையும் பருத்தியும் சோளமும் போட்டுப் பழகுன கொங்கனுக்கு இது அவன் ஊரு மண்ணு மாதிரியே தெரிஞ்சிருக்கு. எங்காத்தா அப்படித்தான் சொல்லும்: “மண்ணு கூப்புட்டுச்சு சாமி, ராசா யாருன்னு யாரு கேட்டா.” மாட்டு வண்டியில கவலைச் சால் (மாடு பூட்டிக் கிணத்துத் தண்ணி எறைக்கறது), வடக்கயிறு ரெண்டையும் ஏத்திட்டு வந்து மொதல்ல கிணறு வெட்டுனாங்களாம். வீடு அதுக்கப்புறம். பொறகு கரும்பு வந்துச்சு, மேனோன்பாறையில சர்க்கரை ஆலை வந்துச்சு, அதுவும் மூடியாச்சு. இப்பத் தென்னை, கள்ளு. பாதிக் கேரளாவுக்குக் கள்ளு இங்கருந்துதான் போகுது. கள்ளுக்கடையில உக்காந்து நம்மளப் பாண்டின்னு திட்டறவனும் நம்ம ஊர்க் கள்ளைக் குடிச்சிட்டுத்தான் திட்டறான்.

கிணறு வெட்டுனதைப் பத்தி ஆத்தா ஒரு பாட்டுப் பாடும். கவலை ஓட்டறப்ப எண்ணிக்கைக்குப் பாடறது. இப்ப மோட்டார்தான், அதனால பாட்டுக்கு வேலை இல்லை. எனக்கு மொத ரெண்டு அடி மட்டுந்தான் ஞாபகம்.

கூத்துமாடம்:

கருமண், இதைத்தான் சொல்ல வந்து சொல்லத் தெரியாமல் இருந்தேன். கவலைப் பாட்டு தமிழில் இருந்தது, பாடியவர்களும் தமிழர், பேச்சும் இன்றுவரை தமிழ். ஆனாலும் பாட்டு போயிற்று. கம்பன் பாட்டு மலையாளம் பேசுகிறவர் வாயில் இருக்கிறது, ஏனென்றால் அங்கே காளி காத்திருக்கிறாள், வேண்டுதல் வைத்தவர் காத்திருக்கிறார். மொழி இருந்தால் கதை தானாக இருக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கதைக்கு ஒரு நாள் குறிக்க வேண்டும், இடம் வேண்டும், செலவுக்கு ஆள் வேண்டும். மேடைக்காகச் சுருக்கி ஒரு மணி நேரக் கூத்து மலையாளத்தில் இப்போது ஆடுகிறார்கள், பெண்களே நடத்தும் குழுவும் இருக்கிறது. நல்லதுதான். அதில் கம்பன் எத்தனை பாட்டு மிஞ்சுகிறான் என்பதைப் பார்க்க வேண்டும்.

நெம்மாறைக்காரி:

அப்ப மொழி போனாலும் பரவாயில்லையா? எனக்கு ஒப்பலை. எங்கம்மா போனதுக்கப்புறம் வீட்டுல தமிழ் பேச ஆளில்லை. எழுத்தச்சன் ராமாயணம் எனக்குத் தெரியும், நல்லாவே ரசிப்பேன். ஆனா காய்ச்சல் வந்தா நான் முனகறது தமிழ்லதான். அதுக்கு எந்த விழாவும் நாள் குறிக்கலை.

டீச்சரம்மா:

கருமண், உங்கள் ஆத்தா இருக்கிறார்களா? அந்தப் பாட்டு முழுதாகத் தெரிந்தவர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் என் வகுப்புப் பிள்ளைகளை அனுப்புகிறேன். கேட்டு எழுதி வரட்டும். இந்தத் தடவை ‘எங்கள் ஊர்க் கிணறு’ என்று தலைப்பு கொடுக்கிறேன்.

கருமண்:

ஆத்தா போய்ச் சேந்துருச்சுங்க டீச்சர். ஆனா தெக்கால தோட்டத்துல கவலை ஓட்டுன ஆளு ஒருத்தர் இருக்கார். அவருக்குப் பாட்டு முழுசா வரும்னு நினைக்கறேன். பண்ணையத்து ஆளுதான்.

கரட்டுமேடு:

பாத்தீங்களா, கிணத்துக்காரரு பேரு ஊருக்கே தெரியும். பாட்டு தெரிஞ்சவரு ‘பண்ணையத்து ஆளு’. அவரு எங்க சொந்தந்தான், மாமன் முறை. பிள்ளைக எழுதறப்ப கிணறு யாரோடதுன்னு மட்டும் எழுதாம, எறங்கி வெட்டுனது யாரு, கல்லு சுமந்தது யாருன்னும் கேட்டு எழுதச் சொல்லுங்க.

டீச்சரம்மா:

பெயரோடு எழுதச் சொல்கிறேன்.

கிழக்குவெளி:

நானும் கூட வர்றேனுங்க. எங்க தோட்டத்துக் கிணறும் அந்தக் காலத்துலதான் வெட்டுனது. யாரு வெட்டுனதுன்னு எங்கப்பா சொன்னதே இல்லை. கரட்டுமேட்டண்ணா, ஞாயித்துக்கிழமை வந்தா அவரைப் பார்க்கலாமா?

மச்சான், உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிரிவு அடுத்த வருசமும் குடுப்பேன். பகவதி எனக்குந்தான் அம்மன். கோசர் கதைய வாத்தியார் சொன்னதுக்கப்புறம் தூக்கம் நல்லா வருது.

ஆழியாறு:

குடு குடு. அடுத்த கும்ப மாசம் நானும் வர்றேன். கொங்கன் பக்கம் நிக்க ஒரு ஆளாச்சும் வேணுமில்ல.

கரட்டுமேடு:

ஞாயித்துக்கிழமை அவருக்குச் சந்தை. செவ்வாய்க்கிழமை சாயங்காலமா வாங்க. காது கொஞ்சம் மந்தம், கிட்ட உக்காந்து சத்தமாக் கேக்கோணும். பாட்டு எடுத்துட்டாருன்னா நடுவுல நிறுத்த மாட்டாரு, போன்ல சார்ஜ் ஏத்திட்டு வாங்க.